மாறுகண் மாதா

திருவிழாக் கொடியேற்றத்துக்கு முந்தைய ஞாயிறு, புது வர்ணம் பூசிய சொரூபத்தின் திரையை விலக்கியபோதுதான் பார்த்தோம்: எங்கள் மாதாவுக்கு மாறுகண். வலது கண் எங்களைப் பார்த்தது, இடது கண் வேறெங்கோ. "இந்த மூஞ்சியோட சப்பரத்துல ஏத்தினா பக்கத்து ஊர்க்காரன் சிரிப்பான் சாமி," என்று குதித்தார் உபதேசியார் செங்கோல். பெயிண்டர் ஸ்தனிஸ்லாசைக் கையோடு கூட்டிவர ஆள் போயிற்று.

பங்குச் சாமியாருக்கு மட்டும் ஒரு குறுகுறுப்பு. அந்த இடது கண் யாரைத்தான் பார்க்கிறது? பூசை முடிந்து கோவில் காலியானதும் இடம் இடமாக நின்று பார்த்தார். தூணருகே இல்லை, பாடகர் குழு பக்கமும் இல்லை. அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நகர்ந்து நகர்ந்து பக்கவாசலையும் தாண்டி, செருப்பு கழற்றிவிடும் படியில் போய் உட்கார்ந்தார். பார்வை நேராக அவர் முகத்தில் விழுந்தது.

அது எமரன்சியின் இடம். முதல் புருஷன் விட்டுப்போனபின் அவள் ரிஜிஸ்டர் ஆபீசில் வேறொருவரைக் கட்டிக்கொண்டதிலிருந்து அவளுக்குப் பூசையில் நன்மை அப்பம் கிடையாது. உள்ளே வராதே என்று யாரும் சொன்னதில்லை. வா என்றும் சொன்னதில்லை. ஞாயிறுதோறும் அந்தப் படியில் முக்காடிட்டு உட்கார்ந்துதான் பூசை காண்பாள்.

ஸ்தனிஸ்லாஸ் வந்து ஏணியில் ஏறிவிட்டான். சாமியார் இன்னும் செருப்புப் படியிலேயே இருந்தார். பிரஷை நனைத்துக்கொண்டு அவன் மேலிருந்து கேட்டான்:

"எந்தக் கண்ணு சாமி தப்பு?"