காப்பு நூல்

வைத்தியர் மாசானம் எந்தச் செடியையும் கேட்காமல் பறிப்பதில்லை. முதல் நாள் சாயங்காலமே தண்டில் மஞ்சள் நூலால் காப்புக் கட்டி, நகம் படாமல் இலையைத் தடவி, தாழ்ந்த குரலில் அனுமதி கேட்பார். மறுநாள் விடியலில்தான் வேரோடு பிடுங்குவார். அந்தக் குரலைக் கேட்டாலே அவர் மனைவி பேச்சிக்கு வயிறு எரியும். தண்ணீர்ச் செம்பை வாங்கும்போது தன் நகம் அவள் கையில் கீறினாலும் நிமிர்ந்து பார்க்காத மனிதர். பசித்தால் "சோறு" என்பார், அவ்வளவுதான். ஊரெல்லாம் அவர் மருந்து கொடுத்த காய்ச்சல் இந்த முறை அவளுக்கே வந்தது. எந்தக் கஷாயத்துக்கும் இறங்கவில்லை. கொல்லையில் நின்ற நிலவேம்புக்கு அவர் காப்புக் கட்டுவதை ஜன்னல் வழியே பார்த்தாள். "தாயே, எம் பேச்சி இல்லன்னா நான் இல்ல. அவளக் காப்பாத்திக் குடு" என்றார். குரல் உடைந்திருந்தது. தன் பெயரை அவர் அப்படிச் சொல்லி அவள் ஒருநாளும் கேட்டதில்லை. அதையும் ஒரு செடியிடம் போய்ச் சொல்கிறார்.

விடிந்து அவர் கொல்லைக்கு வந்தபோது செடியில் நூல் இல்லை. பக்கத்தில், ஈரமண்ணில் நடுங்கியபடி உட்கார்ந்திருந்த பேச்சியின் மணிக்கட்டில் இருந்தது.

"ஏளா, அத ஏன் அவுத்த? காப்பு போச்சுன்னா மருந்து பலிக்காதே."

"பலிக்காட்டிப் போவுது. நேத்து அதுகிட்டச் சொன்னத எங்கிட்டச் சொல்லுங்க."

மாசானம் அவள் எதிரே குந்தினார். நகம் படாமல் அவள் கையைப் பிடித்தார். சொல்ல வாயெடுத்தார். கண் மட்டும் அவள் தோளைத் தாண்டிச் செடியிடம் போய் நின்றது.