அடங்காத கதவு

“மனுஷனா இவரு? கதவைத் திறன்னா உதைக்கிறாரு!” கேஷியர் முணுமுணுத்தார்.

மேனேஜர் அறைக் கதவு சுவரில் தடாலென்று மோதியது. அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் கிரீச் கிரீச்சென்று ஆடியது. கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டம் குறைந்து ஒருவழியாக நின்றது. அதற்குப் பிறகுதான் மேனேஜர் வெளியே வந்தார்.

அதற்குள் செல்போன்களெல்லாம் மேஜைக்குள் போய்விட்டன. பில் போடும் பெண் திடுக்கிட்டு எழுந்து, கன்னத்தில் பதிந்திருந்த கீபோர்டுத் தடத்தைத் தேய்த்துக்கொண்டாள்.

பாவம், வீட்டில் இரட்டைக் குழந்தைகள். ஒன்று தூங்கினால் மற்றொன்று விழித்துக்கொள்ளும். மதியம் சாப்பிட்டு உட்கார்ந்தால் கண் தானாகச் சொக்கிவிடும்.

மேனேஜருக்கு ஆபீசில் வைத்திருந்த பெயர் ‘இடி’. இடி எல்லாரையும் ஒரு முறை முறைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அந்த நேரம் பார்த்து ரிப்பேர்காரர் பையோடு வந்து நின்றார்.

“முதலாளி அனுப்பினாரு. கதவுச் சத்தம் மாடி வரைக்கும் கேக்குதாம்.”

கேஷியர் எழுந்து வந்தார். “சரி பண்ணிட்டா எப்படி இருக்கும்?”

“கதவுக்கு அடியில இருக்கிற ஸ்பிரிங் தள்ளும், அதுக்குள்ள இருக்கிற எண்ணெய் இழுத்துப் பிடிக்கும் சார். எண்ணெய் போயிட்டா இப்படித்தான் ஆட்டம் போடும். ஊத்திட்டா பூனை மாதிரி மூடிக்கும். ஆள் வர்றதே தெரியாது.”

சொல்லிவிட்டு அவர் மேனேஜர் அறைக்குள் நுழைந்தார்.

பில் போடும் பெண் சுவரைப் பார்த்தாள். வேலை நேரத்தில் தூங்கினால் சீட்டு கிழியும் என்று முதலாளி சுவரிலேயே ஒட்டி வைத்திருக்கிறார்.

“சார், இந்தச் சம்பளத்துலதான் ரெண்டுக்கும் பால் பவுடரே வாங்குறேன்” என்றாள் கேஷியரிடம்.

“நீ சும்மா இரும்மா. நான் பேசிக்கறேன்.”

ரிப்பேர்காரர் வெளியே வந்ததும் கேஷியர் அவரை ஓரங்கட்டினார்.

“அண்ணே, ஒரு உபகாரம். வேலை செஞ்ச மாதிரி செஞ்சிட்டு கதவை அப்படியே விட்டுடுங்களேன். இந்தாளு சத்தமில்லாம வந்தா அந்தப் பொண்ணு வேலை போயிடும். ஈவு இரக்கமே இல்லாத ஜென்மம்!”

ரிப்பேர்காரர் சிரித்தார். “நீங்க சொல்லவே வேணாம் சார். ஏற்கெனவே சொல்லியாச்சு.”

“யாரு?”

அவர் மூடிய கதவைக் கண்ணால் காட்டினார்.

“எண்ணெயை வடிச்சு விட்டதே அவருதானாம். ‘பழைய கதவு, இனி அடங்காது’ன்னு முதலாளிகிட்ட சொல்லச் சொன்னாரு.”

“அவரா? எதுக்கு?” என்றார் கேஷியர்.

“தூங்கறதைக் கண்ணால பார்த்துட்டா மேல சொல்லித்தான் ஆகணுமாம் சார். அதனால, அந்தப் பொண்ணு எழுந்திருக்கிற வரைக்கும் உள்ளேயே நிக்கிறாராம்.”