மூன்றாம் நம்பர் ஷெட்

“மாப்ளே, ஜெனரேட்டரைப் போடு! கார் திரும்பிடுச்சு!”

கழுத்தில் டையை இழுத்துவிட்டுக்கொண்டே நகராட்சி ஓவர்சியர் கத்தினார். மேலே இரவல் கோட்டு. தோளில் தாராளம், தொப்பையில் பஞ்சம்.

“எனக்கு இது சரியாப் படலை, மாமா” என்றான் ஷெட்டுக்குள்ளிருந்து மச்சினன். “மாட்டிக்கிட்டா?”

“மாட்டிக்கிட்டா என் வேலை போகும். சும்மா இருந்தா உன் வீடு போகும். போன மாசம் மேலிடத்து ஆளுங்க ஒரு தொழிற்பேட்டையைப் போய்ப் பார்த்தாங்க. வெறும் புல்லு. நாலே நாள்ல ரத்து பண்ணி நிலத்தைத் திருப்பி எடுத்துக்கிட்டாங்க, தெரியுமில்ல?”

மச்சினன் ஜெனரேட்டரைப் போட்டான்.

தொழிற்பேட்டை தொடங்கிப் பதினோரு வருடம். அறுபது மனை. நகராட்சி எல்லைக்கல் நட்டதோடு சரி. ரோடு வரவில்லை, தண்ணீர் வரவில்லை, மின்கம்பிகூட எட்டிப் பார்க்கவில்லை. இத்தனையும் வந்துவிடும் என்று நம்பி, வீட்டை அடகு வைத்து மூன்றாம் நம்பர் மனையில் ஷெட் போட்ட ஒரே புத்திசாலி இந்த மச்சினன்தான். நம்ப வைத்த புத்திசாலி ஓவர்சியர். அன்றிலிருந்து அவர் மனைவி அவரிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. “என் தம்பிக்கு ஒரு வழி பண்ணீங்களா?” என்பதைத் தவிர.

நேற்றுக் காலை ஆணையர் கூப்பிட்டார். “நாளைக்கு மேலிடத்துலேர்ந்து குழு வருது. பேட்டை எப்படி இருக்குன்னு பார்ப்பாங்களாம். எதுக்குன்னு எனக்கும் சொல்லலை. நீங்களே பார்த்துக்குங்க” என்று சொல்லிவிட்டு விடுப்பில் போய்விட்டார்.

குழு வருகிறது என்றால் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது நகராட்சிக்கு மூச்சு விடுகிற மாதிரி. ஆனால் இது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. அசரவில்லை மனிதர். சேற்றின் மேல் சரளையைக் கொட்டி ரோடாக்கினார். துப்புரவுப் பணியாளர்கள் நாற்பது பேருக்கு நீலச் சட்டை மாட்டித் தொழிலாளர்கள் ஆக்கினார். ஒரு சின்னத் தொட்டியை உயரத்தில் வைத்து, அதில் பத்துக் குடம் தண்ணீரை ஊற்றித் தெருக்குழாய் ஒன்றை மாட்டினார். ஓடுகிற பேட்டைக்கு ஒரு மேலாளர் வேண்டாமா? அந்த வேடம் தனக்கே என்று முடிவு செய்து கோட்டு கேட்டு அலைந்தார்.

கார் நின்றது. குழு என்று வந்தது ஒரே ஆள்; மூக்குக்கண்ணாடி போட்ட ஓர் அம்மா கோப்போடு இறங்கினார்.

“நீங்க?”

“பேட்டை மேலாளர், மேடம்.”

“அட, மேலாளரே இருக்காரா!” அந்த அம்மா எழுதிக்கொண்டார். “தண்ணி வருதா?”

“இருபத்துநாலு மணி நேரமும் மேடம்.”

அவர் தெருக்குழாயைத் திறந்தார். கொட்டோ கொட்டென்று கொட்டியது. திறந்த குழாயை மூடாமல், அப்படியே திரும்பி நின்று எத்தனை மனை, எத்தனை ஆள் என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். ஓவர்சியரின் வாய் பதில் சொன்னது, கண் குழாயிலேயே இருந்தது. தண்ணீர் கட்டைவிரல் பருமனாயிற்று. பிறகு சுண்டுவிரல். இதற்கு மேல் தாங்காது என்று ஓவர்சியர் பாய்ந்து மூடினார்.

“தண்ணியை வீணாக்கக் கூடாதுங்கறது எங்க பேட்டையோட கொள்கை மேடம்.”

“அருமை!” அதையும் எழுதிக்கொண்டார்.

ஷெட்டுக்குள் பல்பு எரிந்தது; ஜெனரேட்டர் சத்தம் வெளியே தெரியாமலிருக்க நான்கு பேர் தகரத்தைச் சுத்தியலால் போட்டு அடித்துக்கொண்டிருந்தார்கள். மூன்று வருடமாகக் கரன்ட்டைப் பார்க்காத லேத் மெஷின் தார்ப்பாய்க்குள் ஒளிந்திருந்தது. எங்கே அதைத் தூக்கிப் பார்த்துவிடுவாரோ என்று ஓவர்சியர் அதன்மேலேயே சாய்ந்து நின்றுகொண்டார்.

அந்த அம்மா மச்சினனிடம் வந்தார்.

“தம்பி, மனசு விட்டுச் சொல்லுங்க. ரோடு, தண்ணி, கரன்ட்... எதுலயாவது குறை உண்டா?”

மச்சினன் வாயைத் திறந்தான். மூன்று வருடக் குறையும் தொண்டை வரை வந்து நின்றது. மாமாவைப் பார்த்தான். மாமா கண்ணாலேயே காலில் விழுந்தார்.

“ஒரு குறையும் இல்லைங்க மேடம்.”

தலையாட்டிக்கொண்டே அந்த அம்மா வெளியே வந்தார். கார் பானெட்டின் மேல் கோப்பை வைத்து ஒரு கையெழுத்துப் போட்டார்.

“ரொம்ப சந்தோஷம் சார். என்னவோன்னு பயந்துக்கிட்டே வந்தேன்.”

ஓவர்சியருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “அப்போ பேட்டையை ரத்து பண்ண மாட்டீங்களே மேடம்?”

“ரத்தா? யார் சொன்னது? எந்த வசதியும் இல்லாம கிடக்கற பேட்டைகள்ல ஒண்ணே ஒண்ணைத் தேர்ந்தெடுத்து, இந்த வருஷமே ரோடு, தண்ணி, கரன்ட் எல்லாம் போட்டுத் தரச் சொல்லி உத்தரவு. வந்த மனுவிலேயே உங்க ஊர் மனுதான் மனசை உருக்கிச்சு. அதான் முதல்ல இங்க வந்தேன். நல்லவேளை, நேர்ல பார்த்தேன். இங்க எல்லாமே இருக்கறதால அதை அடுத்த ஊருக்கு எழுதிட்டேன்.”

ஓவர்சியர் கோப்பை எட்டிப் பார்த்தார். “மே... மேடம், மனு போட்டது யாரு?”

“யாரோ ஒரு அக்கா. தம்பி வீட்டை அடகு வச்சு ஷெட் போட்டுட்டுத் தவிக்கிறானாம், பக்கம் பக்கமா அழுதிருக்காங்க. அத்தனையும் பொய்!” அந்த அம்மா காரில் ஏறிக் கதவைச் சாத்தினார். “அவங்க வீட்டுக்காரர் உங்க நகராட்சியிலதான் ஓவர்சியராம். கூப்பிட்டுக் கொஞ்சம் கண்டிச்சு வைங்க, சார்.”