கருணைப் புள்ளி

பந்தயக் குதிரை செத்தால், முதலாளிக்கு இணையத்தில் மக்கள் போடும் கருணைப் புள்ளி சரிந்துவிடும். புள்ளி சரிந்தவரோடு யாரும் தொழில் செய்யமாட்டார்கள். அதனால், ஊட்டி மைதானத்தில் முன்னங்கால் நொறுங்கி விழுந்த தன் குதிரை செந்தூரியை முதலாளி மெய்யப்பன் சாகவிடவில்லை. படுக்க முடியாதபடி, நின்ற நிலையிலேயே வார்ப்பட்டைகளில் தொங்கவிட்டு, எதிரே கேமராவும் வைத்தார். பல லட்சம் பேர் நாள்தோறும் பார்த்து உருகினார்கள்.

குட்டியிலிருந்து அதை வளர்த்த லாயக்காரர் இருதயம் இரண்டு மாதம் பொறுத்தார். நன்றாக இருந்த மறு முன்னங்காலின் குளம்பும் அழுகத் தொடங்கியதும் முதலாளியிடம் போனார்.

"ஐயா, வலி தாங்காம பல்லைக் கடிச்சுக்கிட்டே நிக்குது. ஊசி போட்டு அனுப்பிடலாமுங்க."

"செத்துட்டா என் பேரு என்னய்யா ஆகுறது? நீ கேமரா முன்னாடி சிரிச்ச முகமா நில்லு, போதும்."

மறுநாள் காலை, ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்போது, இருதயம் மருந்துப் பெட்டியிலிருந்த மயக்க மருந்து முழுவதையும் அதன் கழுத்து நரம்பில் ஏற்றினார். வார்களை மெல்லத் தளர்த்தி இறக்கி, தலையை மடியில் வாங்கிக்கொண்டார்.

மாலையில் மெய்யப்பன் கேமரா முன் கதறி அழுதார். அவருடைய புள்ளி என்றும் இல்லாத உயரத்துக்குப் போனது. இருதயத்தின் வீட்டு ஜன்னல்களைக் கல்லால் அடித்து உடைத்தார்கள்.

"பெத்த புள்ள மாதிரி வளர்த்தியாமே, எப்படிய்யா மனசு வந்துச்சு?" என்று கேட்டார் கைது செய்த காவலர்.

"அது தரையில படுத்து ரெண்டு மாசமாச்சுங்க சார்," என்றார் இருதயம்.