ஐஸ் பெட்டிச் சாப்பாடு

காயத்ரி மூடியைத் திறந்து பார்த்தாள். ஐஸ் பெட்டிக்குள் சோடா பாட்டில்கள்தான் கிடந்தன. அவள் கொடுத்தனுப்பிய டப்பா ஒன்றுகூட இல்லை.

பள்ளிக்கூடம் லீவு என்பதால், கணவரிடம் சொல்லாமலே சிதம்பரத்தில் பஸ் ஏறிக் கடலூர் வந்திருந்தாள்.

கணவர் மணவாளனுக்கு இங்கே மாற்றல். மஞ்சக்குப்பத்தில் மாடி ரூம், மூன்று வேளையும் ஓட்டல், ராத்திரியானால் பரோட்டா. எடை தொண்ணூற்றாறைத் தொட்டதும் டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்: "பதினஞ்சு கிலோ குறைக்கணும். இல்லேன்னா மாத்திரைதான்."

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் காயத்ரி கம்பஞ்சோறு, கொள்ளு ரசம், கீரைக் கூட்டு என்று சமைத்து, ஐந்து நாளுக்கு மதியமும் ராத்திரியுமாக அளவாகப் பத்து டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் உறைய வைப்பாள். எந்த வேளைக்கு எது, என்னென்ன சேர்த்தது என்று மேலே சீட்டும் ஒட்டுவாள். ஓட்டல் செலவில் பாதிகூட ஆகவில்லை.

திங்கட்கிழமை மணவாளன் அதைத் தெர்மாகோல் பெட்டியில் தூக்கிவந்து, ரூமுக்குக் கீழே இருக்கும் அந்தோணிசாமியின் கூல்டிரிங்ஸ் கடை ஐஸ் பெட்டியில் வைக்கக் கொடுத்துவிடுவார். வேளாவேளைக்குச் சூடு பண்ணிக் கொடுப்பதும் அந்தோணிசாமிதான்.

மூன்றே மாதத்தில் பதினோரு கிலோ இறங்கியது. காயத்ரி ஸ்டாஃப் ரூமில் அந்தப் பெருமையைச் சொல்லாத நாளில்லை.

இப்போது அந்தோணிசாமியை ஏற இறங்கப் பார்த்தாள். அவள் ரூம் பார்க்க வந்த அன்று பட்டன் தெறிக்கிற மாதிரி சட்டை போட்டிருந்த ஆள். இன்று அந்தச் சட்டை தொளதொளவென்று தொங்கியது. அவளுக்கு எல்லாம் புரிந்துபோனது.

"அண்ணே, இன்னிக்கு வியாழக்கிழமை. ராத்திரிக்கும் நாளைக்குமா மூணு டப்பா இருக்கணுமே?"

"இல்ல டீச்சர்."

"நீங்க எடுத்துச் சாப்பிட்டீங்களா?"

"நானும் சாப்புடுறேன். ஆனா அது உங்க டப்பா இல்ல. உள்ள வாங்க."

கடைக்குப் பின்னால் சின்ன அறை. அடுப்பில் கொள்ளு வெந்துகொண்டிருந்தது. மேலே சுவர் முழுக்க அவள் எழுதிய சீட்டுகள்.

"ரெண்டாவது வாரமே கரண்டு பாதி நாளு இல்லாமப் போச்சு டீச்சர். டப்பா எல்லாம் இளகிடுது. கெட்டுப்போனத எப்படிக் குடுக்கறது? சொன்னா சார் மறுபடி பரோட்டாவுக்குப் போயிடுவாரு. அதான், திங்கக்கிழமைக்கு மட்டும் உங்க சாப்பாடு. மிச்சத்தக் கெடறதுக்குள்ள ஆட்டோ ஸ்டாண்டுல குடுத்துடுவேன். செவ்வாயிலேருந்து இந்தச் சீட்டப் பாத்து நானே ஆக்குறேன். தனி ஆளுன்னு இத்தன வருஷமா நானும் ஓட்டல்லதான் தின்னேன். இப்ப ரெண்டு பேருக்கா வைக்கிறேன்."

காயத்ரிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. பிறகு சிரிப்புதான் வந்தது.

"இவ்வளவும் பண்ணிட்டு ஒரு வார்த்தை சொல்லலையே அண்ணே. அவர் வரட்டும், நானே சொல்லிடறேன்."

"வேணாம் டீச்சர்," அந்தோணிசாமி பதறினார். "'என்னதான் சொல்லு, எங்க வீட்டம்மாவோட இந்தக் கைப்பக்குவம் உனக்கெல்லாம் வராதுய்யா'ன்னு எங்கிட்டயே சொல்லிக்கிட்டுதான் தெனமும் சாப்புடுறாரு."