எதிர்க்கடை ஆட்கள்

எதிர்த் துணிக்கடையில் தாவூத் மரைக்காயரும் அவருடைய நாலு வேலையாட்களும் ஒரே சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்து, சிரித்துச் சிரித்துச் சாப்பிடுவதைப் பார்க்கும்போதெல்லாம் அமீர் அலிக்கு வயிறு எரியும். பிரெஞ்சுக்காரர்கள் சைகோனை விட்டு மூட்டை கட்டிக்கொண்டிருந்த நேரத்திலும் அந்தக் கடையில் கூட்டம் குறையவில்லை. எல்லாம் அந்த நாலு பேரால்தான்.

“எங்கிட்ட வந்துடுங்க. சம்பளம் இரட்டிப்பு” என்று ரகசியமாகத் தூது விட்டான். ஒவ்வொருவராக நால்வரும் வந்து சேர்ந்தார்கள்.

ஒருநாள் மரைக்காயரே அவன் கடைப் படியேறி வந்தார். சண்டைக்குத்தான் என்று நிமிர்ந்து உட்கார்ந்தான் அமீர் அலி.

அவரோ அவன் கைகளைப் பற்றிக்கொண்டார்.

“நாளைக்கு எனக்குக் கப்பல், தம்பி. காரைக்காலுக்கே போறேன். இதுகளை யாருகிட்ட ஒப்படைக்கிறதுன்னு தூக்கமில்லாமக் கிடந்தேன். நீ கூப்பிட்டே. வரமாட்டோம்னு அழுததுகளை நான்தான் பேசி அனுப்பிவச்சேன். நல்லாப் பாத்துக்க.”

மறுநாள் மத்தியானம், புதிதாக வாங்கிய சஹனில் ஐந்து பேருக்குச் சோறு பரப்பி வைத்துக்கொண்டு அமீர் அலி தனியாக உட்கார்ந்திருந்தான்.

நால்வரும் கான் ஹொய் துறைமுகத்தில் கப்பலுக்குக் கையசைத்துக்கொண்டிருந்தார்கள்.