கட்டில் இலக்கம்

மாமனார் தம்பிராசா ஆஸ்பத்திரியில் கண்மூடியதை உதயகலா போனில் சொன்னதும் கணவன் நிருஷன் பதறி ஓடிவந்தான்.

"மிசி, அப்பா எத்தினையாம் கட்டிலிலை கிடந்தவர்? எத்தினை மணிக்குப் போனவர்?" என்று தாதியிடம் திரும்பத் திரும்பக் கேட்டான்.

உதயகலாவுக்குக் கண் கலங்கியது. "உந்த லொத்தர்ச் சீட்டாலை வீட்டுக்கு ஒரு சதம் வந்ததே, மோனை? விட்டிடு" என்று கிழவர் கெஞ்சியபோதெல்லாம் எரிந்து விழுந்தவன். இப்போதாவது பாசம் வந்ததே!

"சவப்பெட்டி பாத்திட்டு வாறன்" என்று போனவனை வெகுநேரமாகக் காணவில்லை. தேடிப் போனாள்.

வாசலில் லொத்தர் விற்பவரிடம் நின்றான்.

"அண்ணை, கட்டில் நம்பரும் செத்த நேரமும் வாற மாதிரி ஒரு டிக்கெட் தாங்கோ. செத்தவீட்டு நம்பர் கட்டாயம் விழும்."

உதயகலா அவன் முன்னால் போய் நின்றாள். அவளைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்தது.

"நல்ல நேரம் வந்தாய், கலா! அப்பாவுக்கு எத்தினை வயசு?"

அவள் காறித் துப்பினாள்.